ஒரு கரிக்கொசுவின் மகன்கள்

அந்தக் காளான் பண்ணையில் லென்ஸக்காவுக்குப் பயப்படாதவை காளான்கள் மட்டும்தான். பறிக்கிற பெண்கள், தள்ளுவண்டி இழுக்கிறவர்கள், அறை கழுவுகிறவர்கள், ஏன், மேனேஜர் வரைக்கும், அவள் வருகிறாள் என்றால் முதலில் தங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். பேரையும் அதுதான் வாங்கித் தந்தது, திமிரையும் அதுதான் வாங்கித் தந்தது.

அவள் வேலை ஈ பார்ப்பது. மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "ஈ ஓட்டறது தெரியும். ஈ பாக்கறதுன்னா என்ன உத்தியோகங்க அது?" என்று கேட்டுவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் இப்படிச் சிரிக்கிற மனிதர் இருக்கிற வீட்டில் மகள் நன்றாக இருப்பாள் என்று நினைத்துக் கட்டிக்கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

லென்ஸக்கா பண்ணைக்குப் பறிக்கிற பெண்ணாகத்தான் வந்தாள். காளான் தண்டை வெட்டும்போது உள்ளே துளை இருந்தால் மற்றவர்கள் வீசிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இவள் துளைக்குள் எட்டிப் பார்ப்பாள். கண்ணாடி இழை மாதிரி ஒரு புழு இருக்கும். தின்றதெல்லாம் வெளியே தெரிகிற உடம்பு, முனையில் மட்டும் மை வைத்தாற்போலக் கறுத்த தலை. இது வளர்ந்தால் என்னவாகும் என்று கேட்டாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. விடாமல் கேட்டுத் தொணதொணத்ததில், பழைய மேனேஜர் மேசை டிராயரில் சும்மா கிடந்த லென்ஸை எரிச்சலோடு எடுத்து, "நீயே பாத்துச் சொல்லு" என்று கொடுத்துவிட்டார். பார்த்துச் சொன்னாள். பிறகு பண்ணையே அவளைப் பயிற்சிக்கு அனுப்பியது, ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கிப் போட்டது, தனி அறையும் கொடுத்தது.

காளான் அறைகளில் பசை தடவிய மஞ்சள் அட்டைகள் தொங்கும். பறக்கிறதெல்லாம் மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அட்டையைப் பார்த்து ஒட்டியிருப்பது யார் என்று அவள் சொல்ல வேண்டும். பண்ணைக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் கூனி ஈ. முதுகு வளைந்து, கொம்பு இருப்பதே தெரியாமல், விறுவிறுவென்று ஓடுகிற ரகம். இன்னொருவருக்குப் புத்தகத்தில் கருஞ்சிறகுப் பூஞ்சைக் கொசு என்று பேர், பண்ணையில் கரிக்கொசு. கொசு என்பது பேச்சுக்குத்தான், கடிக்காது. ஒல்லி உடம்பு, நீளக் கால், கணுக்கணுவாக நீண்ட உணர்கொம்பு, விளக்குப் புகை பட்டாற்போல மங்கிய சிறகு. சிறகின் நடுவில் ஒரு நரம்பு ஓடி இரண்டாகப் பிரிந்து கவையாக நிற்கும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் தலையைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்களும் கொம்புகளுக்கு மேலே நீண்டு வந்து ஒன்றோடொன்று சேர்ந்து பாலம் கட்டியிருக்கும். அந்தப் பாலத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டும் வருகிற நேரம் வேறு. காளான் வித்து எருவில் வெள்ளையாகப் பரவிய பிறகு அந்த வாசனைக்கு வருவது கூனி ஈ. கரிக்கொசு அதற்கு முன்பே வந்துவிடும். காளான் வளர்க்கிற வைக்கோல் எருவை ஆவியில் வேகவைத்து ஆறவிடுவார்கள். அந்தப் புது எருவின் வாசனை அதற்கு விருந்துச் சாப்பாடு. கதவு கொஞ்சம் திறந்து கிடந்தால் போதும், நுழைந்து முட்டையிட்டுவிடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து அட்டையில் வந்து ஒட்ட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே இளசான அறையில் கரிக்கொசு தென்பட்டால் அவள் விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணுவாள். எரு ஆறிய நாளில் வந்து நிற்கும். அன்று கதவில் இருந்தது யார் என்று கேட்பாள். "கொசுவுக்கு நாள் தெரியும். ஆள நான் சொல்றேன்" என்பது அவளுடைய பெருமைப் பேச்சு. அவள் வாயால் வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு. அவள் சொன்னது சரியாகவும் இருந்தது, அதுதான் வம்பு. சரியாகவே சொல்லிப் பழகியதில், தான் சொல்வதெல்லாம் சரி என்று அவளுக்கே ஆகிவிட்டது.

சம்பந்தி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை, ஸ்டியரிங்கில் ஒருநாளும் கண்ணசந்ததில்லை. இந்த இரண்டையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிடுவார். வீட்டில் சும்மா இருந்து மருமகளுக்குச் சமையல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மகள் படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல் லென்ஸக்காதான் அவரைப் பண்ணையில் சேர்த்துவிட்டாள். கதவுக் காவல் வேலை. வண்டி உள்ளே போனாலும் சாத்த வேண்டும், வெளியே வந்தாலும் சாத்த வேண்டும். அவர் அதையும் பஸ் ஓட்டுவதுபோலவே செய்தார். "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்துத்தான் கதவைத் திறப்பார். பிரேக்கு என்று அவருக்குப் பட்டப்பேர் வைத்தார்கள். அது அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அவர் காவலில் எரு ஆறிய அறையில்தான் அது நடந்தது. காளான் இன்னும் தலைகாட்டாத இளசு அறை, அட்டை வெறுமையாக இருக்க வேண்டிய நேரம். ஒரு காலை அட்டை முழுக்கக் கரி தூவினாற்போல இருந்தது. லென்ஸை வைத்தாள். சிறகில் கவை. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவை முட்டையிட்டு அடுத்த தலைமுறை கிளம்பினால் அந்த அறையோடு அக்கம்பக்கத்து அறைகளும் போய்விடும். அவள் விரலை மடக்கினாள். எரு ஆறிய நாள். கதவில் சம்பந்தி.

வேறு ஒருத்தியாக இருந்தால் இங்கே கொஞ்சம் நின்று யோசித்திருப்பாள். இவள் நிற்கவில்லை. சம்பந்தி என்று மூடி மறைக்கிறாள் என ஒருத்தரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவள் நினைப்பு. வேலை தொடங்குமுன் எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிற முற்றத்தில், அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"அன்னிக்குக் கதவுல யாரு? நீங்கதானே சம்பந்தி?"

"ஆமா. சாத்தித்தானே வச்சேன்."

"சாத்தியிருந்தா கொசு எப்படி வந்துச்சு? வெந்த எருவுல தானா முளைச்சுதா?"

"இல்ல சம்பந்தியம்மா, ஒவ்வொரு வண்டியும் போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டேதான்..."

"உறவு வேற, வேலை வேற. உக்காந்த எடத்துலயே கண்ணசந்திருப்பீங்க. ஒத்துக்கிட்டுப் போங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாதாடியிருக்கலாம். ஆனால் அவர் தன்னைவிட அந்த லென்ஸைத்தான் அதிகம் நம்பினார். தரையைப் பார்த்துக்கொண்டே, "இருக்கும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மேனேஜர் பதமாக, "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார். அவர் கையுறையைக் கழற்றி, மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "ஏம்மா, மாமாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேலைன்னு வந்துட்டா எனக்கு மாமன் மச்சான் எல்லாம் கிடையாதுடி" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. மகள் போனை வைத்துவிட்டாள்.

லென்ஸக்காவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. பயிற்சியில் பூச்சி நிபுணர் ஒன்று சொல்லியிருந்தார்: கரிக்கொசு என்று சிறகைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அதிலே எந்த இனம் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஆண்தான் வேண்டும். ஆணின் வால்நுனியில் இடுக்கி போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வளைவும் முள்ளும் இனத்துக்கு இனம் மாறும். தன் பண்ணைக் கொசுவின் முழுப்பேரையும் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. அட்டையில் ஒட்டுகிற ஆண்களின் வால் பசையில் ஊறிச் சிதைந்துவிடும். அறுவடை முடியப்போகிற முத்தல் அறைகளின் சுவரில் உயிரோடு பிடித்தாலோ வயிறு பெருத்த பெண்களே அகப்பட்டன. சரி, பெண்ணை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தால் ஆண் கிடைக்காமலா போய்விடும் என்று, அட்டையில் கரி விழுவதற்குச் சில வாரம் முன்பே மூன்று பாட்டில்களில் ஈர எருவைப் போட்டாள். பாட்டிலுக்கு ஒரு தாயாக விட்டு, வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுத் தன் அறை ஜன்னலில் வைத்தாள்.

முத்தல் அறையிலிருந்து எதுவும் இளசுப் பக்கம் வரக்கூடாது என்பது பண்ணையின் முதல் சட்டம். ஆட்களே இளசு அறைகளை முடித்துக்கொண்டுதான் முத்தலுக்குப் போவார்கள். அன்றைக்குத் திரும்பி வரமாட்டார்கள். லென்ஸக்காவின் அறை இளசுப் பக்கம் இருந்தது. சட்டம் மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

முதல் பாட்டிலில் பிறந்தது அத்தனையும் பெண். இரண்டாவதிலும் அப்படியே. தலையில் அடித்துக்கொண்டாள். நிபுணர் இதையும் சொல்லித்தான் இருந்தார். கரிக்கொசுவில் சில இனங்களில் ஒரு தாய்க்குப் பிறப்பதெல்லாம் மகள்களாக இருக்கும், இன்னொரு தாய்க்கு எல்லாம் மகன்களாக இருக்கும், கலந்து பெறுகிற பழக்கமே கிடையாது. மூன்றாவது பாட்டிலில் புழுவும் இல்லை, தாயையும் காணோம். செத்து எருவோடு எருவாகியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சம்பந்தி போனபின், கெட்டதிலும் ஒரு நல்லதாக இருக்கட்டும் என்று, பூச்சி உறிஞ்சுகிற குழாயோடு கொசு விழுந்த அந்த இளசு அறைக்குள் போனாள். விளக்கடியில் சுற்றிக்கொண்டிருந்த கரிக்கொசுக்களைப் பிடித்து வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வால்நுனியில் அழகாக ஓர் இடுக்கி. ஆண்! அடுத்ததும் ஆண். அதற்கடுத்ததும். "வாங்கடா என் ராசாக்களா!" என்று வாய்விட்டே சொன்னாள். படம் வரைந்தாள், புத்தகத்தைப் புரட்டினாள், மறுபடி வரைந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சந்தோஷம் தயங்கியது. இத்தனையுமா ஆண்? அறையின் அட்டைகளை எடுத்து வந்தாள். பசையில் ஊறியிருந்தாலும் வால் கூராக முடிகிறதா, இடுக்கியாக முடிகிறதா என்று பார்த்துவிடலாம். எல்லாம் இடுக்கி. கூர்வால் ஒன்றுகூட இல்லை. கதவு திறந்து கிடந்திருந்தால் ஒருத்தி மட்டுமா வந்திருப்பாள்? கூட்டமாக வந்திருப்பார்கள். சிலருக்கு மகள், சிலருக்கு மகன் என்று பிறந்து அட்டையில் இரண்டும் கலந்திருக்கும். ஒரே பாலாக இருந்தால் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த ஒருத்தி யார் மேலேயோ உட்கார்ந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறாள்.

யார் மேலே என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை. எரு ஆறிய அன்று காலை தலைமுடியைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் அறுந்துபோனது. ஆறுகிற அறையில் அவசரமாக அட்டை மாட்ட வேண்டும். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது. கைக்கு எட்டியது மூன்றாவது பாட்டிலின் வாயைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட். அதை உருவித் தலையில் போட்டுக்கொண்டு, துணியைச் சும்மா அமுக்கி வைத்துவிட்டு, இதோ வந்துவிடுவோம் என்று ஓடினாள். "ரைட், போலாம்!" என்று சம்பந்தி கதவைத் திறந்தார். அவள் நுழைந்ததும் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. அவர் சரியாகத்தான் சாத்தியிருக்கிறார். கொசுவைத் தலையிலோ கோட்டிலோ சுமந்துகொண்டு நுழைந்தவள் இவள்.

உடம்பெல்லாம் சூடேறியது. அறையில் யாருமில்லை, இருந்தும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முற்றத்தில் தான் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அறைந்தது. 'ஒத்துக்கிட்டுப் போங்க' என்றாளே, அந்த நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் மனசு லேசுப்பட்டதா? உடனே ஒரு சந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டது. கரிக்கொசுவில் ஆண்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வருவார்கள், பெண்கள் ஓரிரு நாள் பிந்துவார்கள். அதனால்தான் இப்போது ஆணாகத் தெரிகிறது. நாளைக்குப் பெண்கள் வந்துவிட்டால் பழி கதவுக்குத்தான். புது அட்டை மாட்டினாள். கரிக்கொசுவுக்குப் பெண்பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆத்மா உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மறுநாளும் ஆண். அதற்கு மறுநாளும் ஆண். ஒவ்வொரு வாலையும் குனிந்து பார்க்கும்போது, பெண்ணாக இரு, பெண்ணாக இரு என்று கெஞ்சினாள். ஒரு நல்ல மனுஷன் தூங்கித் தொலைத்திருக்க வேண்டுமே என்றல்லவா கெஞ்சுகிறோம் என்று உறைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது. அப்படியும் அடுத்த வாலைப் பார்க்கக் குனிந்தாள்.

பிறகு அட்டையில் ஒன்றுமே ஒட்டவில்லை. பெண்ணில்லாத இடத்தில் அடுத்த தலைமுறை ஏது? மகன்கள் பறந்து களைத்து உதிர்ந்துபோனார்கள். மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பிரேக்கு அண்ணன அனுப்பினதும் கொசுவும் நின்னுடுச்சு பாத்தீங்களா! லென்ஸக்கான்னா லென்ஸக்காதான்!"

அவள் சிரித்துவைத்தாள். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சிரித்துவைத்தாள். அன்றைக்கெல்லாம் எதைச் சாப்பிட்டாலும் கசந்தது.

விடுமுறை நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து மகள் வீட்டுக்குப் போனாள். வாசலில் சம்பந்தியின் ஸ்கூட்டர் தூசி படிந்து நின்றது. அவர் துடைக்காத நாளே கிடையாது. மகள் கதவைத் திறந்தாள். வழக்கமான 'வாம்மா' இல்லை, "வா" என்றாள்.

"ஸ்கூட்டர் ஏண்டி இப்படிக் கெடக்கு?"

"இனிமே ஓட்ட மாட்டாராம். சாவியத் தூக்கிக் குடுத்துட்டாரு."

"ஏன்?"

"ஏன்னு என்னையா கேக்குற? பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது வர்றது எல்லாம் மாமாதானே. 'முழிச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன், எனக்கே தெரியல, கொழந்தைய வச்சு எப்படி ஓட்டுவேன்'னு உக்காந்துட்டாரு. அவ கையப் புடிச்சு ரோடுகூட கடக்க மாட்டேங்குறாரு. டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லியும் நம்பல. நீ சொன்னதத்தான் நம்புறாரு."

கோபப்படுவார், முகம் கொடுக்கமாட்டார், நாலு வார்த்தை கேட்பார் என்றெல்லாம் எண்ணித் தயாராக வந்திருந்தாள். இதை எண்ணவில்லை. வேலையை மட்டும்தான் பறித்தோம் என்று இருந்தாள். மனுஷர் தன் கண்ணையே நம்பாதபடி ஆக்கிவிட்டிருக்கிறாள். அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. 

கூடத்தில் பேத்தி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தி, இவளைக் கண்டதும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"வாங்க சம்பந்தியம்மா. கொசு எல்லாம் போயிடுச்சா? என்னால உங்களுக்குப் பெரிய தலைகுனிவு."

"நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே சொல்றேன்" என்றாள். சொன்னாள். பாட்டில், ரப்பர் பேண்ட், ஒரே தாய், அத்தனையும் மகன்கள். "கதவு வழியா வரல சம்பந்தி. என்மேல உக்காந்து வந்துச்சு. தெரிஞ்சும் இத்தனை நாளா வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

கொசுவின் மகன் மகள் விவகாரம் அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... அன்னிக்கு நான் தூங்கலியா?"

"இல்ல."

"கதவச் சாத்தினேனா?"

"சாத்தினீங்க. நான் உள்ள போனதும் சாத்தினீங்க. எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

அவர் கண் நிறைந்துவிட்டது. "கேட்டியாம்மா?" என்று மருமகளைப் பார்த்தார். "நான் சாத்தித்தான் இருக்கேன்!" திரும்பி லென்ஸக்காவைக் கும்பிட்டார். "வந்து சொன்னீங்களே, உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். செருப்பைக் கழற்றியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தான் திருடியதைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒருவர் கைகூப்பி நன்றி சொல்வதை எப்படி நின்று வாங்கிக்கொள்வது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இத அங்க யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். உங்க பேரு கெட்டுடும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அதைக் கேட்டதும் அவளுக்குள் அப்பாடா என்று ஒன்று இறங்கியது. இறங்கியது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். மகள் அதைப் பார்த்துவிட்டாள். பார்வையைக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் பட்ட வெட்கமெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு பார்வை ஒரு பக்கம்.

"நாளைக்குக் காலைல எல்லாரும் முற்றத்துல நிக்கும்போது நீங்க அங்க இருக்கணும் சம்பந்தி" என்றாள்.

"நான் எதுக்குங்க?"

"நீங்க இல்லன்னா சுருக்கிச் சொல்லிடுவேன். ரப்பர் பேண்டை விட்டுடுவேன். ஏதோ பாட்டில் கைதவறிடுச்சும்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

சம்பந்தி மருமகளிடம் ஸ்கூட்டர் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்ததும் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு, போட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"காலைல உங்க வீட்டு வழியாத்தானே போகணும்" என்றார். பிறகு தயங்கி, கேட்கலாமா கூடாதா என்கிற மாதிரி கேட்டார்: "நான் ஓட்டினா... நீங்க பின்னால உக்காந்து வருவீங்களா?"

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே, "வர்றேன் சம்பந்தி" என்றாள்.